சட்டசபைக்குப் போன மில்காரரைத் தேடி ஒரு நாள் டூர்: 42 யூரோவுக்குத் தகுமா?

முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ராட்டிங்கன் ஊரில் பழைய மில்லைக் காட்டும் பகுதிக்காக மட்டும் இந்த டூருக்குக் கண்ணை மூடிக்கொண்டு போகலாம். மற்றதெல்லாம் வழிகாட்டி அன்றைக்கு என்ன மனநிலையில் இருக்கிறார் என்பதைப் பொறுத்தது.

ஜெர்மனியில், டுசல்டோர்ஃபில் மகள் வீட்டுக்கு வந்து இரண்டு மாதம் ஆகிறது. ரைன் ஆற்றங்கரையில் நடந்து நடந்து செருப்புத் தேய்ந்ததுதான் மிச்சம். "அப்பாவுக்குப் பிடிக்கிற மாதிரி ஏதாவது பாருங்க" என்று மகள் சொல்ல, மாப்பிள்ளை போனில் துழாவி இதைப் பிடித்தார். நான் முப்பத்து நான்கு வருடம் ஸ்பின்னிங் மில்லில், நூல் நூற்கும் ரிங் ஃபிரேம் மெஷின்களுக்கு ஃபிட்டராக இருந்தவன். கோட்டையும் அரண்மனையும் எனக்கு ஒன்றுதான். ஓடுகிற மெஷின் இருந்தால்தான் நின்று பார்ப்பேன். ஒரு நூல் தொழிலதிபர் அரசியலுக்குப் போன கதை, நடுவே ஒரு பழைய மில், பழைய மெஷின்கள் என்று விளம்பரத்தில் போட்டிருந்ததால் தலையாட்டிவிட்டேன். பெரியவர்களுக்கு 42 யூரோ. பத்து வயதுக்குக் கீழே இருந்தால் இலவசம், அதனால் ஒன்பது வயதுப் பேத்தியும் ஏறிக்கொண்டாள். மொழிபெயர்க்க மகள் வந்தாள். மாப்பிள்ளைக்கு வேலை இருந்ததாம்.

காலை ஒன்பது மணிக்கு ரயில் நிலையத்தின் பின்பக்கம் வேன் வந்து நிற்க வேண்டும். நின்றது ஒன்பதே காலுக்கு. ஜெர்மனியில் நேரம் தவறாது என்று நம் ஊரில் பேசிக்கொள்வதை இனிமேல் நான் பேச மாட்டேன். எங்களோடு சேர்த்துப் பதினான்கு பேர், பாதிக்கு மேல் ஓய்வு பெற்றவர்கள். வழிகாட்டியும் ஓய்வு பெற்ற பள்ளிக்கூட ஆசிரியர்தான். நல்ல மனிதர், விஷயம் தெரிந்தவர். ஆனால் ஜெர்மனில் பத்து நிமிடம் பேசுவார். அதையே ஆங்கிலத்தில் இரண்டு நிமிடத்தில் முடித்துவிடுவார். மிச்சம் எட்டு நிமிடத்தை என் மகள்தான் காதோரம் ஓதிக்கொண்டு வந்தாள். காதில் மாட்டிக்கொள்ள ஒரு கருவி கொடுத்தார்கள். வேனை விட்டு இறங்கிப் பத்து அடி நடந்தால் கரகரவென்று சத்தம் வந்து நின்றுவிடும். முதல் ஒரு மணி நேரத்திலேயே அதைப் பையில் போட்டுவிட்டேன்.

சரி, யார் இந்த மில்காரர்?

யோஹானஸ் ஷூஹார்ட். 1782-இல் பிறந்து 1855-இல் இறந்தவர். ஊர் பார்மன். இன்றைக்குத் தேடினால் பார்மன் என்று தனி ஊர் கிடையாது. 1929-இல் பக்கத்து எல்பர்ஃபெல்டு முதலான ஊர்களோடு சேர்த்து ஒரே நகரமாக்கி, அடுத்த வருடம் வுப்பர்டால் என்று பெயர் வைத்துவிட்டார்கள். வுப்பர் என்ற ஆறு ஓடுகிற பள்ளத்தாக்கு அது. ஷூஹார்ட் காலத்தில் அந்தப் பள்ளத்தாக்கு முழுக்க நூல், ரிப்பன், நாடா, லேஸ், சாயம். தொழில் செய்து நன்றாக இருந்தவர், ரைன் மாகாணச் சட்டசபைக்கு உறுப்பினராகப் போனார். போன இடத்தில், மில்லில் வேலை பார்க்கும் குழந்தைகளுக்காகப் பேசினார். ஒரு மில் முதலாளி, மற்ற மில் முதலாளிகளின் காதில் விழும்படி. டூரே இந்த ஒரு விஷயத்தைச் சுற்றித்தான்.

பார்மனில் இறங்கியதும் ஆற்றைப் பார்க்க ஓடினேன். சாயப்பட்டறை உள்ள ஊர்க்காரன் கண்ணுக்கு முதலில் தண்ணீர்தானே தெரியும். இப்போது தெளிவாக, முழங்கால் ஆழத்தில் கல்லைத் தடவிக்கொண்டு ஓடுகிறது. 1527-இல் இந்தப் பகுதி டியூக் பார்மனுக்கும் எல்பர்ஃபெல்டுக்கும் மட்டும் நூல் வெளுக்கும் உரிமையைக் கொடுத்தாராம். வேறு ஊர்க்காரன் வெளுக்கக் கூடாது. ஆற்றங்கரைப் புல்வெளியில் நூலைப் பரப்பி, தண்ணீர் தெளித்துத் தெளித்து வெயிலில் வெளுப்பார்கள். அப்புறம் சாயத் தொழில் வந்தது. துருக்கிச் சிவப்பு என்ற சாயத்துக்கு இந்த ஊர் பேர்போனது. ஆறு சிவப்பாக ஓடிய காலம் உண்டு என்று வழிகாட்டி சொன்னபோது கூட்டத்தில் இருந்தவர்கள் 'அடடா' என்றார்கள். எனக்கு அதில் அதிசயம் ஒன்றும் இல்லை.

அடுத்தது எங்கெல்ஸ் வீடு. ஆமாம், அதே ஃப்ரெடரிக் எங்கெல்ஸ்தான், மார்க்ஸின் தோழர். இதே பார்மனில் 1820-இல் ஒரு பஞ்சாலைக் குடும்பத்தில் பிறந்தவர். 1775-இல் கட்டிய அந்தக் குடும்ப வீடு கறுப்புப் பலகைக்கல் போர்த்தி, வெள்ளைச் சட்டமும் பச்சைக் கதவுமாக ஜன்னல்கள் வைத்து, இந்த வட்டாரத்துக்கே உரிய அழகோடு நிற்கிறது. பக்கத்துத் தோட்டத்தில் ஏறக்குறைய நான்கு மீட்டர் உயரத்தில் எங்கெல்ஸ் சிலை. 2014-இல் சீனா பரிசாகக் கொடுத்தது. எல்லோரும் அதன் முன்னால் நின்று படம் எடுத்துக்கொண்டோம். என் பேத்தி சிலையின் கணுக்கால் வரைதான் எட்டினாள்.

இங்கே வழிகாட்டி ஒரு நல்ல காரியம் செய்தார். எங்கெல்ஸ் பதினெட்டு வயதில், பேர் போடாமல், ஹாம்பர்க் பத்திரிகை ஒன்றில் இந்தப் பள்ளத்தாக்கைப் பற்றி எழுதியதைச் சொன்னார். எல்பர்ஃபெல்டில் மட்டும் பள்ளிக்கூட வயதுப் பிள்ளைகள் 2,500 பேர். அதில் 1,200 பேர் படிப்பில்லாமல் ஆலைகளில் வளர்கிறார்கள் என்று அந்தப் பையன் எழுதியிருக்கிறான். அந்தத் தொடர் வர ஆரம்பித்தது 1839 மார்ச். ஷூஹார்ட் கேட்ட ஆலைக் குழந்தைகள் சட்டத்தை, அப்போது இந்தப் பகுதியை ஆண்ட பிரஷ்ய அரசு பிறப்பித்ததும் அதே 1839 மார்ச், 9-ஆம் தேதி. ஒரே ஊர், ஒரே தொழில், ஒரே மாதம். ஒருவர் முதலாளி வீட்டுப் பிள்ளை, கோபத்தில் எழுதுகிறார். இன்னொருவர் முதலாளியேதான், ஐம்பத்தேழு வயதை நெருங்குகிறார், மனுப் போட்டுச் சட்டம் வாங்குகிறார். சிலை யாருக்கு என்று யாரும் சொல்ல வேண்டியதில்லை. இந்த இரண்டையும் அருகருகே வைத்தது அன்றைய நாளின் மிக நல்ல பத்து நிமிடம்.

அங்கிருந்து தொங்கு ரயில். ஆற்றுக்கு மேலே இரும்புச் சட்டத்தில் தலைகீழாகத் தொங்கிக்கொண்டு போகும் ரயில். 1901-இலிருந்து ஓடுகிறது, மொத்தம் 13.3 கிலோமீட்டர். மில்லில் மெஷின்களுக்கு மேலே ஓடித் தூசி ஊதும் ஓவர்ஹெட் கிளீனரின் தண்டவாளத்தைப் பார்த்தவர்களுக்கு சட்டென்று புரியும். 1950-இல் விளம்பரத்துக்காக ஒரு குட்டி யானையை இதில் ஏற்றி, அது மிரண்டு ஆற்றில் குதித்து, பெரிய அடி இல்லாமல் பிழைத்த கதையை வழிகாட்டி பதினைந்து நிமிடம் சொன்னார். பேத்திக்குக் கொண்டாட்டம். ஆனால் ஷூஹார்ட்டுக்குக் கொடுத்த நேரத்தைவிட யானைக்குக் கொடுத்தது அதிகமோ என்று எனக்கு ஒரு குறை.

ஏனென்றால் சட்டசபைப் பகுதியை அவர் ஓட்டமாக ஓடிவிட்டார். கடைசி நிலையமான ஃபோவிங்கல் வருவதற்குள் முடித்துவிட வேண்டும் என்ற அவசரம். என் மகள் வீட்டில் முன்கூட்டியே படித்து வைத்திருந்ததால் எனக்குப் பிழைத்தது. அந்தக் காலத்து ரைன் மாகாணச் சட்டசபை என்பது இன்றைக்கு நாம் நினைக்கிற மாதிரி இல்லை. 1826-இல்தான் முதல் கூட்டம், டுசல்டோர்ஃபில். பிரபுக்கள், குறுநிலச் சீமான்கள், நகரத்தார், கிராமத்தார் என்று சாதி பிரித்த மாதிரி பிரித்து உட்காரவைத்தார்கள். நிலபுலம் உள்ளவர்தான் உறுப்பினராக முடியும். கதவைச் சாத்திக்கொண்டுதான் பேச்சு. எல்லாவற்றையும் விட முக்கியம், அவர்களுக்குச் சட்டம் போடும் அதிகாரமே கிடையாது. பெர்லினில் இருக்கும் ராஜாவுக்கு மனு எழுதலாம், அவ்வளவுதான். 1837-இல் கூடிய ஐந்தாவது சட்டசபையில் ஷூஹார்ட் கையில் இருந்த ஒரே ஆயுதம் அந்த மனு.

அவர் மட்டும்தான் கேட்டார் என்று நினைத்துவிடக் கூடாது. வழிகாட்டி அப்படித்தான் சொன்னார், ஒளிவட்டம் வைக்காத குறை. 1824-இலேயே கல்வி அமைச்சர் ஆல்ட்டென்ஸ்டைன் ஆலைக் குழந்தைகளின் நிலை என்ன என்று சுற்றறிக்கை அனுப்பி விசாரித்திருக்கிறார். 1828-இல் ஹார்ன் என்ற தளபதி, ஆலைகள் மலிந்த பகுதிகளில் ராணுவத்துக்கு ஆள் சேரவில்லை என்று ராஜாவுக்குப் புகார் எழுதினார். ரைன் மாகாணத் தலைவர் போடல்ஷ்விங்கும் சட்டம் வேண்டும் என்று கேட்டார். எல்லாம் கோப்பில் கிடந்தது. தொழிலுக்குள்ளிருந்தே ஒருவன் எழுந்து 'ஆமாம், நடக்கிறது, நிறுத்துங்கள்' என்று சொன்னபோதுதான் அந்தக் கோப்புக்கு உயிர் வந்தது. அதிகாரி சொன்னால் 'தொழில் தெரியாமல் பேசுகிறான்' என்று முதலாளிகள் தள்ளிவிடலாம். நூல்காரனிடம் அதைச் சொல்ல முடியாதே.

அவர் ஏன் சட்டத்துக்குப் போனார், தன் மில்லில் மட்டும் குழந்தைகளை நிறுத்திவிட்டுச் சும்மா இருந்திருக்கலாமே என்று கூட்டத்தில் ஓர் அம்மா கேட்டார். வழிகாட்டி 'பக்தி, மனிதாபிமானம்' என்றார். இருக்கலாம். எனக்குத் தோன்றியது வேறு. ஒரு மில் மட்டும் குழந்தையை எடுத்துவிட்டுப் பெரிய ஆளைப் போட்டால், அந்த மில்லின் நூல் கிலோவுக்குக் கொஞ்சம் விலை ஏறும். பக்கத்து மில்காரன் அதே சந்தையில் குறைத்து விற்பான். ஆறு மாதத்தில் நல்லவன் கதவைச் சாத்த வேண்டியதுதான். எல்லார் கையையும் ஒன்றாகக் கட்டினால்தான் ஒருவன் கை தப்பும். வியாபாரம் பண்ணியவருக்கு இது தெரியாமல் இருந்திருக்காது.

சட்டம் என்ன சொன்னது தெரியுமா? ஒன்பது வயதுக்குக் கீழே ஆலையிலும் சுரங்கத்திலும் வேலைக்கு வைக்கக் கூடாது. பதினாறு வயதுக்குக் கீழே ஒரு நாளைக்குப் பத்து மணி நேரத்துக்கு மேல் கூடாது. இரவு ஒன்பது மணியிலிருந்து காலை ஐந்து மணி வரை வேலை கிடையாது, ஞாயிற்றுக்கிழமை கிடையாது. மூன்று வருடமாவது பள்ளிக்கூடம் போயிருக்க வேண்டும். மீறினால் ஒரு குழந்தைக்கு ஒன்றிலிருந்து ஐந்து டாலர் அபராதம். டாலர் என்றால் அமெரிக்க டாலர் இல்லை, அந்தக் காலத்துப் பிரஷ்ய வெள்ளி நாணயம், அவர்கள் வாயில் 'டாலர்'தான்.

என் பேத்தி விரலை எண்ணிவிட்டு, "தாத்தா, அப்ப எனக்கு வேலை உண்டா?" என்று கேட்டாள். உண்டு கண்ணு, பத்து மணி நேரம் என்றேன். சிரித்தாள். அவள் அம்மா சிரிக்கவில்லை.

ஆனால் இந்தச் சட்டத்தில் ஒரு பெரிய ஓட்டை. யார் போய்ப் பார்ப்பது? தனியாக ஆய்வாளர் கிடையாது. உள்ளூர் போலீஸ்காரர் பார்த்துக்கொள்வார் என்று விட்டுவிட்டார்கள். இங்கிலாந்தில் 1833 சட்டத்திலேயே நான்கு ஆய்வாளர்களைப் போட்டிருந்தார்கள். பிரஷ்யாவில் அதற்கு 1853 வரை ஆனது. அந்தத் திருத்தத்தில்தான் வயதைப் பன்னிரண்டாக உயர்த்தி, பதினான்குக்குக் கீழே ஆறு மணி நேரம் என்று குறைத்து, ஆலை ஆய்வாளர் என்ற வேலையையே உண்டாக்கினார்கள். பதினான்கு வருட இடைவெளி. டூரில் இதைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. 1839-இல் சட்டம் வந்தது, குழந்தைகள் பிழைத்தார்கள், கை தட்டுங்கள், வேனில் ஏறுங்கள். அவ்வளவுதான்.

எனக்கு இது ஏன் உறுத்துகிறது என்று சொல்ல வேண்டும். நான் முதன்முதலில் மில்லுக்குள் போனபோது வயது பன்னிரண்டு முடிந்து கொஞ்ச நாள். பதினான்கு என்று எழுதிக்கொண்டார்கள். நூல் சுற்றும் காலி பாபினைப் பொறுக்குகிற வேலை. ஆய்வாளர் வருகிறார் என்றால் எங்களுக்கு முந்தின ஷிப்டிலேயே தகவல் வந்துவிடும். ஏழெட்டுப் பையன்களைப் பஞ்சு குடோனில் பேல்களுக்குப் பின்னால் உட்காரவைத்து, கதவை வெளியே பூட்டிவிடுவார் மேஸ்திரி. இருட்டில் ஒருவன் தும்மினால் இன்னொருவன் வாயைப் பொத்துவான். ஆய்வாளர் ஆபீசில் காபி குடித்துவிட்டு, புத்தகத்தில் கையெழுத்துப் போட்டுவிட்டுப் போவார். ஆக, ஆய்வாளர் இருந்தே எங்கள் கதை இது. ஆய்வாளரே இல்லாத பதினான்கு வருடம் பார்மனில் எப்படி இருந்திருக்கும் என்று நான் யாரிடமும் கேட்க வேண்டியதில்லை.

மதியச் சாப்பாடு டூர் காசில் சேர்த்திதான். இந்த வட்டாரத்து வழக்கப்படி காபி விருந்து: திராட்சை போட்ட ரொட்டி, கறுப்பு ரொட்டி, சீஸ், சூடான செர்ரிப் பழத்தோடு வாஃபிள், பட்டைத் தூளும் சர்க்கரையும் தூவிய பால்சோறு. காபி வருவது குழாய் வைத்த ஈயக் கூஜாவில், சொட்டுச் சொட்டாக. பன்றி இறைச்சியைத் தனித் தட்டில் வைக்கச் சொன்னால் முகம் சுளிக்காமல் வைத்தார்கள். பால்சோற்றை இரண்டு தரம் வாங்கினேன்.

அப்புறம் ராட்டிங்கன். இதற்காகத்தான் முதல் வரியிலேயே அப்படி எழுதினேன்.

இங்கே உள்ள மில்லின் பெயர் க்ரோம்ஃபோர்ட். அது ஆங்கிலப் பெயர். இங்கிலாந்தில் ஆர்க்ரைட் என்பவர் தண்ணீர் விசையில் நூல் நூற்கும் மில் கட்டிய ஊர் அது. எல்பர்ஃபெல்டு வியாபாரி யோஹான் காட்ஃப்ரீட் ப்ரூகல்மான் அந்த மெஷினின் ரகசியத்தை எப்படியோ வரவழைத்து, 1783-84 வாக்கில் ராட்டிங்கனில் அங்கர் ஓடையோரம் மில் கட்டி, அதே பெயரையும் வைத்துவிட்டார். திருடிய பொருளுக்குத் திருடிய இடத்தின் பெயரையே வைப்பதற்கு ஒரு துணிச்சல் வேண்டும். ஐரோப்பியப் பெருநிலத்தின் முதல் ஆலை என்று இதைத்தான் சொல்கிறார்கள். ஐந்து மாடி. இப்போது அது அருங்காட்சியகம். பழைய மெஷின்களை மாதிரிக்குச் செய்து வைத்து, தண்ணீர்ச் சக்கரத்தில் ஓட்டியே காட்டுகிறார்கள்.

சக்கரம் சுற்ற ஆரம்பித்ததும் தரை லேசாக அதிர்ந்தது. அந்த அதிர்வு உள்ளங்காலில் ஏறியபோது, பொய் சொல்லவில்லை, எனக்குத் தொண்டை அடைத்தது. பத்து வருடம் ஆகிறது மில் தரையில் நின்று. மேலே மரத் தண்டு, அதிலிருந்து இறங்கும் பெல்ட், கீழே வாட்டர் ஃபிரேம் என்ற நூற்கும் மெஷின். மேல் ரோலருக்குத் தோல் சுற்றியிருக்கிறது, கீழே கயிற்றில் எடை தொங்குகிறது. முன் ஜோடி ரோலர் பின் ஜோடியைவிட வேகமாகச் சுற்ற, நடுவில் பஞ்சுத் திரி இழுபட்டு மெலிகிறது. டிராஃப்டிங். இன்றைக்கும் அதே தத்துவம்தான், ரோலருக்கு ரப்பர் வந்திருக்கிறது, எடைக்குப் பதில் ஸ்பிரிங்கும் காற்றழுத்தமும் வந்திருக்கிறது. முறுக்கு ஏற்றுவது மட்டும் ஃப்ளையர் என்ற சுழலும் கை. நூற்பதற்கு முன் பஞ்சுத் திரியை மெலிதாக்கும் எங்கள் சிம்ப்ளெக்ஸ் மெஷினில் இருக்கிறதே, அதன் கொள்ளுத்தாத்தா. சத்தம்தான் வித்தியாசம். நிமிடத்துக்குப் பதினாறாயிரம் சுற்று ஓடும் ரிங் ஃபிரேம் கூவும். இது மாட்டு வண்டி மாதிரி முனகுகிறது.

ஓடிக்கொண்டிருக்கும்போதே ஓர் இழை அறுந்தது. என்னை அறியாமல் என் வலது கைப் பெருவிரலும் ஆள்காட்டி விரலும் காற்றில் இழையைச் சேர்த்து முறுக்கிவிட்டன. மெஷினை ஓட்டிக்காட்டிய அம்மா அதைப் பார்த்துவிட்டார். ஜெர்மனில் ஏதோ கேட்டார். "நீங்க நூற்பவரான்னு கேக்கறாங்க அப்பா" என்றாள் மகள். தலையாட்டினேன். அவர் மெஷினை நிறுத்தி, அறுந்த இடத்தை எனக்குக் காட்டி, தான் எப்படிச் சேர்க்கிறார் என்று மெதுவாகச் செய்து காட்டினார். எங்கள் மாதிரியேதான். விரலை நாக்கில் தொடுவது உட்பட.

அறுந்த இழையைச் சேர்ப்பதுதான் அந்தக் காலத்தில் குழந்தைகளின் வேலை. நூல் சுற்றும் ஸ்பிண்டில் வரிசை எவ்வளவு உயரத்தில் இருக்கிறது என்று பேத்தியை நிறுத்திப் பார்த்தேன். குனிய வேண்டாம், எக்க வேண்டாம், கை நேராகப் போகிறது. பார்மனில் அவ்வளவு பேச்சுக் கேட்டும் உறைக்காதது அந்த இடத்தில் உறைத்தது. மகளும் அதைப் பார்த்துவிட்டுப் பிள்ளையைக் கையைப் பிடித்து இந்தப் பக்கம் இழுத்துக்கொண்டாள்.

கடைசி நிறுத்தம் மறுபடியும் டுசல்டோர்ஃப். ஒரு குளத்தோரம் பெரிய கல் மாளிகை, ஷ்டேண்டஹவுஸ் என்று பெயர். 'இங்கேதான் ஷூஹார்ட் குழந்தைகளுக்காக முழங்கினார்' என்று வழிகாட்டி கையை விரித்தார். அழகான கட்டடம்தான். ஆனால் வாசலைத் தாண்டுமுன் மகள் போனில் பார்த்துவிட்டாள்: கட்டியதே 1876-க்கும் 1880-க்கும் இடையில். மாகாணச் சட்டசபைக்காகக் கட்டியது உண்மை. பிறகு 1949-இலிருந்து 1988 வரை நார்த்ரைன்-வெஸ்ட்ஃபாலியா மாநிலச் சட்டசபை அங்கே இருந்ததும் உண்மை. இப்போது கே21 என்ற நவீன ஓவியக் கூடம். ஆனால் ஷூஹார்ட் இறந்தது 1855. மனுஷன் எந்தக் கதவைத் திறந்துகொண்டு உள்ளே போனார்? கூட்டத்துக்கு நடுவில் ஆசிரியரைத் திருத்தப் பிடிக்காமல் சும்மா இருந்துவிட்டோம். நூல் எண்ணைத் தப்பாகச் சொன்னால் நான் விட்டிருக்க மாட்டேன், அது வேறு விஷயம்.

போக நினைப்பவர்களுக்குச் சில விவரம். நடை மொத்தம் நான்கு கிலோமீட்டர் இருக்கும். பார்மனில் ஏற்ற இறக்கம் உண்டு, முட்டி வலிக்காரர்கள் யோசிக்கவும். மில்லுக்குள் மாடிப்படி குறுகல் என்று எனக்குத் தோன்றியது. ஜெர்மன் தெரியாவிட்டால் தெரிந்தவர் ஒருவரைக் கூட்டிக்கொண்டு போங்கள். காதுக் கருவியை நம்பாதீர்கள். காசு மிச்சம் பிடிக்க வேண்டுமென்றால் ராட்டிங்கனுக்குத் தனியாகப் போகலாம், டூர் தேவையே இல்லை. பார்மனும் எங்கெல்ஸும் ஷூஹார்ட்டும் ஒரே மூச்சில் வேண்டும் என்றால் 42 யூரோ கொடுக்கலாம். என் கணக்கில் ஐந்துக்கு மூன்றரை. அந்த அரை, மெஷினை நிறுத்திக் காட்டிய அம்மாவுக்கு.

மகள் டூர்க்காரர்களுக்குக் கட்டட விஷயத்தையும் 1853 விஷயத்தையும் விவரமாக எழுதிப் போட்டாள். நான்கு நாளில் பதில் வந்தது. நன்றி சொல்லி, கட்டடத்தைத் திருத்திவிடுகிறோம் என்று எழுதியிருந்தார்கள். 1853 பற்றி ஒன்றும் இல்லை. கூடவே அடுத்த டூருக்குப் பத்து யூரோ கூப்பன். டிசம்பர் வரை செல்லும். நான் அக்டோபரில் ஊருக்குக் கிளம்புகிறேன், யாருக்காவது வேண்டுமென்றால் சொல்லுங்கள்.